முதல் ரைஃபிள் வாங்கப் போகிறீர்களா? தோட்டாவிலிருந்து தொடங்குங்கள்

ஒரு சனிக்கிழமை காலை தம்பி ஒருவன் போன் செய்தான். கூடப் பிறந்தவன் இல்லை, முன்பு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவன். இப்போது டல்லாஸ் பக்கம் வீடு வாங்கிக் குடியேறிவிட்டான். "அண்ணே, கிரீன் கார்டு வந்துருச்சு. ஒரு செமி ஆட்டோ ரைஃபிள் வாங்கலாம்னு இருக்கேன். ஏஆர்-15 வாங்கட்டுமா, ருகர் 10/22 வாங்கட்டுமா?" பின்னாலிருந்து அவன் மனைவி, "முதல்ல நல்ல பூட்டு ஒண்ணு வாங்கச் சொல்லுங்கண்ணா" என்று சொன்னது எனக்கும் கேட்டது.

"மாசம் எத்தனை தோட்டா சுடுவே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அது எதுக்குண்ணே இப்போ? துப்பாக்கிக்கு எது சேருமோ அதை வாங்கிக்கலாம்ல?"

கடைக்குப் போகிற முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் போகிறார்கள். கண்ணுக்குப் பிடித்த ரைஃபிளை வாங்கிவிட்டு, பிறகு தோட்டாவைத் தேடுகிறார்கள். செமி ஆட்டோ விஷயத்தில் இது தலைகீழ். போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கியில் சுட்ட தோட்டாவின் காலி உலோகக் கூட்டை வெளியே இழுப்பதும் அடுத்ததை உள்ளே தள்ளுவதும் நம் கை. தோட்டா கொஞ்சம் சோம்பேறியாக இருந்தாலும் கை சமாளித்துவிடும். செமி ஆட்டோவில் அந்த வேலை முழுவதையும் தோட்டாவே செய்கிறது. வெடித்த வேகத்தில் ஒரு பங்கு குண்டைத் துரத்துகிறது, இன்னொரு பங்கு, தோட்டாவுக்குப் பின்னால் கதவு மாதிரி மூடி நிற்கும் போல்ட்டைப் பின்னால் தள்ளிக் கூட்டைத் துப்பி அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. விசையை விட்டு மறுபடி அழுத்தினால்தான் அடுத்தது வெடிக்கும், ஆனால் ஏற்றுவது தானாக நடந்துவிடும். குண்டும் அதுதான், எஞ்சினுக்குப் பெட்ரோலும் அதுதான். பெட்ரோல் சரியில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டியும் நடுரோட்டில் நிற்கும்.

ஒப்பீட்டுக்குப் போகுமுன் சட்டத்தில் ஒரு விஷயம். இதைப் பற்றி நம் ஆட்கள் வாட்ஸப் குழுக்களில் பேசுவதில் பாதி தப்பு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி கிரீன் கார்டு உள்ளவர் குடிமகனைப் போலவே ரைஃபிள் வாங்கலாம். ஹெச்1பி, ஹெச்4, எஃப்1, சுற்றுலா விசா ஆகியவற்றில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. அதற்குச் சில விலக்குகள் உண்டு. பெரும்பாலானோர் பயன்படுத்துவது, அமெரிக்க மாநிலம் ஒன்றின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம். ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் கூடத்தில், வாடகைக்கு எடுத்து அரை மணி நேரம் கையில் பிடிப்பதும் சட்டத்தின் கண்ணில் 'வைத்திருத்தல்'தான். அதனால் ஊரிலிருந்து பி2 விசாவில் வந்த, விலக்கு எதுவும் இல்லாத அப்பாவை ரேஞ்சுக்குக் கூட்டிப் போய், "நீங்களும் ரெண்டு சுடுங்கப்பா" என்று கையில் கொடுப்பது பாசம்தான், ஆனால் குற்றமும் கூட. அவர் வீட்டில் தங்கியிருக்கும் நாட்களில் பெட்டிச் சாவி அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கவும் கூடாது.

மற்றபடி நடைமுறை எளிது. உரிமம் பெற்ற கடையில் ரைஃபிள் வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஃப்ளோரிடா, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்களில் 21. படிவம் 4473-ஐ நிரப்ப வேண்டும். கடைக்காரர் எஃப்பிஐ நடத்தும் பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார். பல நேரம் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். அந்தப் படிவத்தில் கஞ்சா பற்றிய கேள்வி ஒன்று இருக்கும். உங்கள் மாநிலத்தில் அது கடையிலேயே விற்றாலும் கூட்டாட்சிச் சட்டம் அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பொய் எழுதினால் வழக்கு வரும். வேறொருவர் காசில் அவருக்காக உங்கள் பெயரில் வாங்கிக் கொடுப்பதும் அப்படியே.

சரி, இனி தோட்டா.

முதல் ரைஃபிளுக்கு நடைமுறையில் இரண்டு பாதைகள்தான். ஒன்று ருகர் 10/22 சுடும் .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்), இன்னொன்று ஏஆர்-15 சுடும் .223 அல்லது 5.56. இரண்டு குண்டுகளின் குறுக்களவும் ஏறக்குறைய ஒன்றே, 5.6, 5.7 மில்லிமீட்டர். காகிதத்தில் விழும் ஓட்டையைப் பார்த்தால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் .22 எல்ஆரில் 40 கிரெயின் ஈயக் குண்டு விநாடிக்குச் சுமார் 1,235 அடி வேகத்தில் போகிறது என்றால், .223-ல் 55 கிரெயின் குண்டு நீளக் குழலிலிருந்து 3,240 அடியில் போகும். கிரெயின் என்பது நம் குன்றிமணி மாதிரி விதையிலிருந்து வந்த பழைய எடை. ஒரு கிராமுக்குப் பதினைந்தரை கிரெயின். கணக்குப் போட்டால் .223-ன் ஆற்றல் .22-ஐப் போல ஒன்பது மடங்குக்கு மேல் வரும். சத்தமும் விலையும் அதற்கேற்ப ஏறும்.

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல பேருக்கு முடிவு இங்கேயே ஆகிவிடும். நான் வாங்கும் கணக்கில் நல்ல .22 ஒன்று 9 சென்ட் அளவில் விழுகிறது. .223 சுமார் 50 சென்ட். மாதம் இரண்டு முறை ரேஞ்சுக்குப் போய் ஒவ்வொரு முறையும் 150 சுட்டால், .22-க்கு 27 டாலர், .223-க்கு 150 டாலர். வருஷத்துக்கு 324, 1,800. நடுவில் இருக்கிற வித்தியாசத்தில் ஒரு ஆள் சென்னைக்குப் போய்த் திரும்பிவிடலாம். இதைச் சொன்னதும் தம்பியின் குரல் கொஞ்சம் இறங்கியது.

.22 எல்ஆர் பழைய தோட்டா, 1887-லிருந்து இருக்கிறது. இதில் வெடிக்க வைக்கும் மருந்து கூட்டின் அடி விளிம்புக்குள் சுற்றிலும் பூசப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பைத் தட்டியதும் வெடிக்கும். அந்த விளிம்பில் மருந்து ஓர் இடத்தில் சரியாகப் பரவாமல் போனால், ஊசி அந்த இடத்தில் விழும்போது 'க்ளிக்' மட்டும் கேட்கும். மலிவான மொத்தப் பெட்டியில் இப்படி ஒன்றிரண்டு வருவது சகஜம். அப்போது அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது. குழலை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு முப்பது விநாடி எண்ணிவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும், தாமதமாக வெடிக்கலாம். அதைவிட மோசமானது, வழக்கமான சத்தத்துக்குப் பதிலாக 'புஸ்' என்று மெலிதாக ஒரு சத்தம். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அதற்குப் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் பிளக்கும். நிறுத்தி, தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றி, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையைக் காலி செய்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த வகை .22 செமி ஆட்டோ ரைஃபிள்களில் போல்ட்டுக்குத் தனிப் பூட்டு கிடையாது. அதன் எடையும் பின்னால் உள்ள சுருள்வில்லும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. தோட்டாவுக்குப் போதுமான உதை இருந்தால்தான் போல்ட் முழுத் தூரம் பின்னால் போகும். சிசிஐ மினி-மேக் போன்ற 1,235 அடி வேகத் தோட்டா ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஓடும். அதே நிறுவனத்தின் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி 1,070 அடி. ஒலியைவிட மெதுவாகப் போவதால் சத்தம் குறைவு, குறியும் நன்றாக இருக்கும். ஆனால் சில செமி ஆட்டோக்களில் கூடு முழுதாக வெளியே வராமல் வாசலில் குத்திட்டு நிற்கும். 710 அடியில் போகும் குவையட்-22 என்பதைப் போட்டால் பெரும்பாலான செமி ஆட்டோக்களில் ஒவ்வொரு முறையும் கையால்தான் இழுக்க வேண்டும். மறுபக்கம் ஸ்டிங்கர் மாதிரி 1,640 அடித் தோட்டாக்களும் உண்டு. அதற்காகக் கூடுதல் காசு கொடுப்பதில் எனக்குப் பொருள் தெரியவில்லை. ஐம்பது கெஜத்தில் காகிதத்துக்கு வேகம் தெரியாது.

பெயர்க் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். .22 ஷார்ட், .22 லாங் என்ற பெட்டிகளும் கடையில் இருக்கும். எல்ஆர் அறைக்குள் அவை போகும், ஆனால் செமி ஆட்டோவை ஓட்டாது. .22 மேக்னம் என்பது வேறு சாதி. கூடு நீளமும் பருமனும் அதிகம், எல்ஆர் துப்பாக்கியில் நுழையாது. தலைகீழாக, மேக்னம் துப்பாக்கியில் எல்ஆரைப் போட்டால் உள்ளே விழும், வெடிக்கும்போது கூடு கிழியும். குழலின் பக்கவாட்டில் பொறித்திருப்பதும் பெட்டியில் அச்சிட்டிருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கடைப் பையன் "அதெல்லாம் ஓடும் சார்" என்றாலும் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

இந்தப் பாதையில் மூன்று ரைஃபிள்களைப் பார்க்கலாம்.

ருகர் 10/22, 1964-ல் வந்தது. இன்றும் ஏறக்குறைய அதே உருவம். பத்துத் தோட்டா பிடிக்கிற சின்ன மேகசின், உள்ளே ராட்டினம் மாதிரி சுழலும். அடிப்பாகத்தோடு சமமாக அமர்ந்துவிடுவதால் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. விளிம்புள்ள தோட்டாக்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் விளிம்போடு விளிம்பு மாட்டிக்கொள்ளும். ராட்டினத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி இருக்கை என்பதால் அந்தத் தொல்லை இல்லை. எடை சுமார் 5 பவுண்டு, விலை 300 முதல் 400 டாலர். குறைகளும் உண்டு. கடைசித் தோட்டா முடிந்ததும் போல்ட் தானாகத் திறந்து நிற்காது. காலியான அறை மேல் இன்னொரு தடவை விசையை அழுத்திய பிறகுதான் தீர்ந்தது தெரியும். (வெறும் அறையில் ஊசி தட்டினாலும் இதற்குக் கெடுதல் இல்லை என்று அதன் கையேடே சொல்கிறது. எல்லா .22-க்கும் இது பொருந்தாது.) சாதாரண மாடலில் பின்பக்கம் துளை இல்லாததால் குழலை வாய்ப் பக்கமிருந்துதான் சுத்தம் செய்ய வேண்டும். இதெல்லாம் பழகிவிடும். உதிரி பாகம் என்று பார்த்தால் நம் ஊரில் ஸ்ப்ளெண்டருக்குக் கிடைப்பது மாதிரி மூலைக்கு மூலை கிடைக்கும்.

ஸ்மித் அண்ட் வெஸன் எம்&பி15-22, 2009-ல் வந்தது. பார்க்க அப்படியே ஏஆர்-15, சுடுவது .22. பாதுகாப்புக் கட்டை, மேகசின் பொத்தான், பின்னால் இழுக்கும் கைப்பிடி எல்லாம் ஏஆரில் இருக்கிற அதே இடத்தில். மேகசின் தீர்ந்தால் போல்ட் திறந்து நிற்கும். பின்கட்டையை இழுத்து நீட்டலாம் என்பதால், கணவன் ஆறடி, மனைவி ஐந்தடி என்ற வீட்டுக்கு இது பெரிய வசதி. நாளைக்கு ஏஆர் வாங்குவது உறுதி என்று மனதில் இருந்தால், நான் 10/22-ஐ விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன். 9 சென்ட் தோட்டாவில் கை பழகிவிடும். ஆனால் மாநிலம் பார்த்து வாங்க வேண்டும். நியூயார்க்கில் .22 ஆக இருந்தாலும் அந்தப் பிஸ்டல் பிடியும் கழற்றும் மேகசினும் சேர்ந்தால் தடை. அங்கே விற்க மாற்றி அமைத்த வடிவம்தான் வாங்க வேண்டும்.

மார்லின் மாடல் 60, 1960-லிருந்து கோடிக்கு மேல் செய்து விற்ற துப்பாக்கி. குழலுக்குக் கீழே ஒரு நீளக் குழாயில் தோட்டாக்களை ஒன்றன் பின் ஒன்றாகப் போட வேண்டும். 2020-ல் ரெமிங்டன் திவாலானபோது உற்பத்தி நின்றது. மார்லின் பெயரை ருகர் வாங்கிவிட்டது. பழையது மலிவாகக் கிடைக்கும், குறியும் நன்றாகவே இருக்கும். ஆனாலும் முதல் ரைஃபிளாக நான் சொல்ல மாட்டேன். கழற்றும் மேகசின் என்றால் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அறையை ஒரு முறை பார்த்தால் போதும், காலி என்று எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரியும். குழாய் மேகசினில் ஒன்று உள்ளே தங்கியிருந்தால் புது ஆளுக்குத் தெரியாது.

இனி ஏஆர்-15. ஏஆர் என்றால் 'அசால்ட் ரைஃபிள்' இல்லை, ஆர்மலைட் என்ற நிறுவனத்தின் பெயர். யூஜின் ஸ்டோனர் அங்கே வடிவமைத்தது, 1959-ல் கோல்ட் நிறுவனத்துக்கு உரிமை கைமாறியது. 1977-ல் காப்புரிமை தீர்ந்தபின் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகி, இன்று பல நிறுவனங்கள் செய்கின்றன. பாகங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். 500 டாலரில் தொடங்கி எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கும். முதல் ஆளுக்கு 600 முதல் 800-க்குள் உள்ளது தாராளம். அதற்கு மேல் கொடுக்கும் பணத்தைத் தோட்டாவில் போடுங்கள்.

இங்கேதான் பொருந்தும் தோட்டா என்ற கேள்வி உண்மையில் முக்கியமாகிறது. .223 ரெமிங்டன், 5.56 நேட்டோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெளியே ஒன்று போலவே இருக்கும். வித்தியாசம் துப்பாக்கியின் அறையில். கூட்டின் வாய்க்கும், குழலுக்குள் குண்டைச் சுழற்றும் வரிகள் தொடங்கும் இடத்துக்கும் நடுவில் கொஞ்சம் வெற்றிடம் விடுவார்கள், 5.56 அறையில் அது அதிகம். 5.56 தோட்டாவின் அழுத்தம் அந்த இடத்தைக் கணக்கில் வைத்து அமைந்தது. அதைக் கொண்டுபோய் .223 என்று மட்டும் பொறித்த குழலில் போட்டால் குண்டு சீக்கிரமே வரிகளில் முட்டி, அழுத்தம் அளவு மீறலாம். ஆக, 5.56 என்று பொறித்த குழலில் இரண்டையும் சுடலாம். .223 என்று பொறித்ததில் .223 மட்டும். .223 வைல்ட் என்று ஒரு மூன்றாவது பொறிப்பு இருக்கிறது, அது இரண்டுக்கும் பொது. குறியும் நன்றாக வரும் என்பதால் நான் தேடிப்பிடித்து வாங்குவது அதைத்தான்.

குழலில் இன்னொரு எண்ணும் இருக்கும், 1:7, 1:8, 1:9 என்று. எத்தனை அங்குலத்துக்கு ஒரு முறை குண்டைச் சுழற்றுகிறது என்பது அது. எண் சின்னதாக ஆக, சுழற்சி வேகமாகி நீளமான கனக் குண்டுகளை நிலைப்படுத்தும். 55, 62 கிரெயின் என்றால் இந்த மூன்றிலும் கவலையில்லை. 77 கிரெயின் போட்டிக் குண்டு சுட ஆசைப்பட்டால் 1:8 அல்லது 1:7 இருக்க வேண்டும். முதல் வருஷம் 55 கிரெயினைத் தாண்ட வேண்டிய தேவை யாருக்கும் வராது.

பச்சை நுனியுள்ள 62 கிரெயின் தோட்டா, எம்855, ராணுவ உபரி மாதிரி மலிவாகத் தெரியும். உள்ளே எஃகுத் துண்டு இருக்கிறது. மூடிய ரேஞ்சுகள் பலவற்றில் விடமாட்டார்கள். நான் முதல் முறை ஒரு பெட்டியைக் கவுண்டரில் வைத்தபோது, அங்கிருந்தவர் இழுப்பறையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் குண்டின் மேல் வைத்தார். 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. ஒன்றும் பேசாமல் பெட்டியை மூடி என் பக்கம் தள்ளிவிட்டார். நாற்பது மைல் ஓட்டிப் போனவன், அங்கேயே விலை ஏற்றி விற்ற பெட்டியை வாங்கிச் சுட்டுவிட்டு வந்தேன். கிளம்புமுன் ரேஞ்சைக் கூப்பிட்டு என்ன தோட்டா அனுமதி என்று கேட்டுவிடுங்கள். சில இடங்களில் .223-ஐயே விடமாட்டார்கள், .22-ம் பிஸ்டல் தோட்டாவும்தான்.

இன்னும் ஒரு ஆபத்தைச் சத்தமாகவே சொல்ல வேண்டும். .300 பிளாக்அவுட் என்ற தோட்டா ஏஆர் மேகசினிலேயே உட்காரும், ஏஆர் போல்ட்டிலேயே ஓடும். குழல் மட்டும்தான் வேறு. ஆனால் குண்டு .308 அங்குலம். அது தப்பித்தவறி 5.56 அறையில் நுழைந்து வெடித்தால், .224 அங்குல ஓட்டையில் அந்தக் குண்டு போக இடமில்லாமல் துப்பாக்கி கையிலேயே சிதறும். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்திருப்பவர்கள் மேகசினுக்குக் கலர் டேப் ஒட்டுவார்கள், ஒரே நாளில் இரண்டையும் ரேஞ்சுக்கு எடுத்துப் போக மாட்டார்கள். முதல் ரைஃபிள்காரர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சத்தத்தையும் சொல்ல வேண்டும். .22 குழலில் சத்தம் காதுக்கு ஆபத்தான எல்லையை ஒட்டி நிற்கும். ஏஆர் அதைத் தாண்டி வெகுதூரம் போய்விடும். மூடிய ரேஞ்சில் பக்கத்து வரிசையில் ஒருவர், குழல் முனையில் உதையைக் குறைக்கும் பிரேக் மாட்டிய ஏஆரைச் சுட்டால், நெஞ்சுக்கூட்டில் யாரோ தலையணையால் அடித்த மாதிரி இருக்கும். காதுக்குள் இயர்பிளக் ஒன்று, மேலே காதை மூடும் மஃப் ஒன்று, இரண்டும் போட வேண்டும். உதை என்று பார்த்தால் ஏஆரிலும் பெரிதாக இல்லை. ஆனால் சத்தத்துக்குப் பயந்து விசையை அழுத்துமுன் கண்ணை மூடுகிற பழக்கம் முதல் நாளே ஒட்டிக்கொண்டால், அதை விரட்ட ஆறு மாதம் ஆகும். நான் .22 பக்கம் சாய்வதற்கு விலையைவிட இது பெரிய காரணம்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. 9 மில்லிமீட்டர் பிஸ்டல் தோட்டாவைச் சுடும் கார்பைன் (குட்டை ரைஃபிள்), ருகர் பிசி கார்பைன் போன்றது, நடுவழி. தோட்டா சுமார் 25 சென்ட், மூடிய ரேஞ்சுகளிலும் தடையில்லை. ஏற்கெனவே 9 மில்லிமீட்டர் பிஸ்டல் வைத்திருப்பவருக்கு இது அர்த்தமுள்ள தேர்வு. ருகர் மினி-14 மரக் கட்டையோடு அழகாக இருக்கும், விலையைக் கேட்டால் ஏஆர் வாங்கிவிடுவீர்கள். எஸ்கேஎஸ் என்ற பழைய சோவியத் துப்பாக்கி ஒரு காலத்தில் ஏழையின் ரைஃபிள். ரஷ்யத் தோட்டா மலிவாக வந்த காலம் அது. 2021-ல் ரஷ்யத் தோட்டாவுக்குப் புதிய இறக்குமதி அனுமதி தருவதை அமெரிக்கா நிறுத்தியபின் அந்தக் கணக்கு மாறிவிட்டது. பழைய ராணுவத் தோட்டாவில் அரிக்கும் உப்பு வேறு, சுட்ட அன்றே தண்ணீர் ஊற்றிக் கழுவாவிட்டால் குழல் துரு பிடிக்கும். எம்1 காரண்ட், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் பயன்படுத்தியது, வரலாறு பிடித்தவர்களுக்கு. ஒன்பதரை பவுண்டு கனம். அதன் தோட்டா .30-06, ஆனால் கடையில் கிடைக்கும் எதையும் போட்டுவிடவும் முடியாது, போல்ட்டைத் தள்ளும் பழைய தண்டு வளையும். பெருவிரலையும் கடிக்கும், அந்தக் காயத்துக்கு 'காரண்ட் தம்ப்' என்று பெயரே உண்டு.

மாநிலம் மாறுகிறவர்களுக்கு ஒன்று. நம் ஆட்கள் வேலைக்காக டெக்சஸிலிருந்து நியூஜெர்சிக்கும் கலிஃபோர்னியாவுக்கும் மாறிக்கொண்டே இருப்பார்கள். டெக்சஸில் முப்பது தோட்டா மேகசினோடு வாங்கிய சாதாரண ஏஆர், அந்த இரண்டு இடங்களிலும் எல்லையைத் தாண்டியதுமே குற்றம். இல்லினாய்ஸ் 2023-ல் புது விற்பனையை நிறுத்தியது, வாஷிங்டனும் அதே வருஷம். பத்துத் தோட்டா மேகசினோடு வரும் மரக்கட்டை 10/22, உரிமம், அட்டை போன்ற உள்ளூர் வேலைகளை முடித்தால், ஏறக்குறைய எல்லா மாநிலத்திலும் உங்களோடு குடி வரும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வீடு மாறுகிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

தம்பி மனைவி சொன்ன பூட்டு விஷயத்துக்கு வருகிறேன், அந்தப் பெண் சொன்னது சரி. பெட்டியோடு வரும் கேபிள் பூட்டு போதாது. சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்பு அலமாரி ஒன்று, தோட்டாவுக்கு வேறு சாவியுள்ள பெட்டி ஒன்று. 200 டாலருக்குள் முடியும், ரைஃபிள் விலையோடு சேர்த்தே எண்ணிக்கொள்ளுங்கள். திருடனையும் குழந்தைகளையும்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் துப்பாக்கியால் நடக்கும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் யாருக்காவது மனசு சரியில்லாத காலமாக இருந்தால் வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள். வாங்கியாகிவிட்டது என்றால் கொஞ்ச நாள் வீட்டுக்கு வெளியே பத்திரமாக வைக்க, சட்டப்படி என்ன வழி என்று கடையில் கேளுங்கள்.

அப்புறம் ஈயம். .22 குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம், மேலே மெழுகு. நூறு தோட்டாவைக் கையால் மேகசினில் ஏற்றினால் விரல் நுனி கறுத்துவிடும். அந்தக் கையோடு ரேஞ்சில் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. சோப்பு போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கழுவ வேண்டும். செருப்பை வாசலில் விடுகிற நம் வழக்கம் இங்கே நன்றாக உதவும். சட்டையையும் நேராக வாஷிங் மெஷினில் போட்டுவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும்.

கடைசியில் தம்பி 10/22-தான் வாங்கினான். ஏஆர் ஆசை போகவில்லை, ஒரு வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்றான். நான் சொன்னபடி மூன்று வகைத் தோட்டாவில் நூறு நூறு வாங்கினான். ஒரே மாடலாக இருந்தாலும் ஒவ்வொரு ரைஃபிளும் தனக்குப் பிடித்த தோட்டாவைத் தானே சொல்லும், சுட்டுப் பார்க்காமல் தெரியாது. மூன்றையும் கலக்காமல் சுட்டு, சிக்கும்போதெல்லாம் அந்தந்தப் பெட்டியின் மூடியில் பேனாவால் ஒரு கோடு போடச் சொன்னேன். மலிவான மொத்தப் பெட்டி வகையில் ஏழு கோடு. மெதுவாகப் போகும் வகையில் இரண்டு. வேகமான நாற்பது கிரெயினில் ஒன்றுமில்லை. குறி என்று பார்த்தால் மெதுவானதுதான் நெருக்கமாக விழுந்தது. அவன் மனைவிக்கும் கிரீன் கார்டு வந்திருந்ததால் அவளும் பத்து சுட்டாள், அந்த மெதுவான வகையில். ஐம்பது கெஜத்தில் எட்டு, ஒரு சீட்டுக்கட்டு அட்டைக்குள்.

திரும்பி வரும்போது காரில் அவளுக்கு ஒரே கேள்விதான். டிசம்பரில் மாமனார் மூன்று மாதம் தங்க வருகிறார், மனுஷர் ஒரு பூட்டைக் கண்டால் சாவி தேடாமல் இருக்க மாட்டார். அலமாரிக்கு எண் பூட்டு மாற்றினால் எவ்வளவு ஆகும் என்று கேட்டாள்.